ஆயில் ஃபில்டர் பக்கம் கசிவா? பணத்தைக் கொட்டும் முன் இதைப் படியுங்கள்

எட்டு, பத்து வருடம் ஓடிய கார் வைத்திருந்தால் ஒரு நாள் பார்க்கிங் தரையில் கறுப்பாக நாலு சொட்டு விழுந்திருக்கும். என் டீசல் காரிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் டேப்பட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) பேக்கிங் மாற்றினார்கள். கசிவு நிற்கவில்லை. அடுத்து சம்ப் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) பேக்கிங்கைப் பிரித்தார்கள். அதற்கும் பில் வந்தது, சொட்டு மட்டும் நிற்கவில்லை. கடைசியில் கோளாறு ஆயில் ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் ஹவுசிங்கின் பின்பக்க ரப்பரில் இருந்தது. முந்தைய இரண்டு பில்களையும் கூட்டிப் பார்த்தால் அந்த ரப்பரை ஒரு டஜன் வாங்கியிருக்கலாம்.

ஸ்பேனர் பிடித்தே பழகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலையை நீங்களே செய்தாலும் சரி, மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் சரி, முதல் நாலு படிகளைத் தவறாமல் செய்துவிடுங்கள். பணம் மிச்சமாவது அங்கேதான்.

1. வண்டியை ஓட்டலாமா, கூடாதா?

முதலில் டிப்ஸ்டிக். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து அளவைப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருந்து, தரையில் சொட்டுகள் மட்டும்தான் என்றால் ஒர்க்‌ஷாப் வரை ஓட்டலாம். கீழ்க்குறிக்கும் கீழே போயிருந்தால் அதே தர ஆயிலை ஊற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இந்த இடத்துக் கசிவை மற்றக் கசிவு மாதிரி நினைக்காதீர்கள். டேப்பட் கவரில் ஆயில் சும்மா வழிந்து போகிறது, அழுத்தம் கிடையாது. ஃபில்டரிலோ, பம்ப் தள்ளும் ஆயில் முழுவதும், எஞ்சினுக்குள் சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளுக்குப் போகும் முன் இதன் வழியாகத்தான் போயாக வேண்டும். எஞ்சின் ஓடும்போது இங்கே பல பார் அழுத்தம் இருக்கும். ரப்பர் ஓரத்தில் பிய்ந்தால் சொட்டு ஒரே நிமிடத்தில் பீய்ச்சலாகிவிடும், சில நிமிடங்களில் சம்ப் காலி. ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி உடனே அணையுங்கள். "பக்கத்துலதானே ஒர்க்‌ஷாப், மெதுவா போயிடலாம்" என்று கிளம்புகிறவர்கள்தான் எஞ்சின் பிரித்துக் கட்டும் செலவுக்கு ஆளாகிறார்கள்.

கருகிய வாடை வந்தாலும் ஓட்ட வேண்டாம். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) ஆயில் படுகிறது என்று அர்த்தம். தீப்பிடிக்கக்கூடிய விஷயம் அது.

2. கசிவு எங்கிருந்து என்று கண்ணால் பாருங்கள்

முழுக் கட்டுரையில் இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன்.

ஆயில் கீழே வழியும், காற்றடித்துப் பின்பக்கம் பரவும். சொட்டு விழும் இடத்தை வைத்துக் கசியும் இடத்தைச் சொல்லவே முடியாது. ஃபில்டர் ஹவுசிங்கில் தொடங்கியது சம்ப் விளிம்பில் வந்து தொங்கும், பார்ப்பவர் சம்ப் பேக்கிங் போச்சு என்பார். மேலே டேப்பட் கவரில் தொடங்கியது ஃபில்டரை நனைக்கும், பார்ப்பவர் ஃபில்டர் லூஸ் என்பார்.

அதனால் முதலில் கழுவுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரையும் ஒயர் கனெக்டர்களையும் பிளாஸ்டிக் பை கட்டி மூடிவிட்டு, டிகிரீசர் (ஆயில் பிசுக்கை நீக்கும் திரவம்) அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, வேஸ்ட் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பெட்ரோலால் கழுவவே கூடாது. சில இடங்களில் இன்னும் செய்கிறார்கள், பார்த்தால் தடுங்கள்.

காய்ந்த பிறகு சந்தேகப்படும் இடத்தைச் சுற்றி முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மெல்லத் தூவுங்கள், பெல்ட்டில் படாமல். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கையையும் சட்டையையும் பெல்ட், ஃபேன் பக்கம் கொண்டு போகாமல், டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் முதலில் எங்கே கறுப்புக் கோடு இறங்குகிறதோ அதுதான் மூலம். காலையில் முதல் ஸ்டார்ட் இதற்கு நல்ல நேரம். ஆறிய ஆயில் கெட்டியாக இருப்பதால் அழுத்தம் அதிகம், சுருங்கிக் கிடக்கும் ரப்பரும் அப்போதுதான் விட்டுக்கொடுக்கும். பவுடரில் தெரியவில்லையா? ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் அதற்கான நீல விளக்கும் ஆன்லைனில் கிடைக்கின்றன.

ஆயில் பிரஷர் சுவிட்சை மறக்காதீர்கள். பல எஞ்சின்களில் அது ஃபில்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும். சுவிட்ச் உள்ளே பழுதானால் ஒயர் கனெக்டர் வழியாக ஆயில் வெளியே வந்து ஃபில்டரை நனைக்கும். கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் குற்றவாளி சுவிட்ச்தான். சில நூறு ரூபாய் சமாசாரம்.

டர்போ வண்டி என்றால் டர்போவுக்குப் போகும் ஆயில் பைப்பின் இரு முனைகளையும் பாருங்கள்.

3. உங்கள் வண்டியில் எந்த வகை?

மூன்று வகை உண்டு. முதலாவது, டப்பா மாதிரி முழு ஃபில்டரையும் திருகிக் கழற்றுவது. மாருதியின் கே சீரிஸ் போன்ற சின்னப் பெட்ரோல் எஞ்சின்களில் இதுதான். ஃபில்டரோடு வரும் ஒரே ஒரு ரப்பர் வளையம்தான் கசிவைத் தடுக்கிறது.

இரண்டாவது, அதே டப்பாதான், ஆனால் எஞ்சின் பிளாக்கில் நேராக உட்காராமல் நடுவில் ஓர் அலுமினிய அடாப்டரில் உட்காரும். ஃபில்டர் ரப்பர் தவிர அடாப்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரு கேஸ்கெட்டோ (பேக்கிங்தான்) ஓ-ரிங்கோ (ரப்பர் வளையம்) இருக்கும். புது ஃபில்டர் போட்டும் கசிகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, ஹவுசிங்குக்குள் காகித எலிமென்ட் மட்டும் மாற்றுவது. ஸ்விஃப்ட், விஸ்டா, புன்டோ எல்லாவற்றிலும் வந்த 1248 சிசி டீசல் எஞ்சின் இந்த வகை. மூடிக்கு ஓர் ஓ-ரிங், ஹவுசிங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு கேஸ்கெட், ஹவுசிங்கோடு ஆயில் கூலர் சேர்ந்திருந்தால் அதற்கும் ரப்பர்கள். கூலருக்குள் கூலன்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடுவதால் இங்கே கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும்.

கூலர் இருந்தால் கூலன்ட் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு மட்டும். மேலே எண்ணெய்ப் படலமோ, பால் காபி நிறத்தில் கொழகொழவென்று எதுவுமோ மிதந்தால் கசிவு உள்ளேயும் நடக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூலன்டைவிட அதிகம், அதனால் ஆயில்தான் முதலில் கூலன்டுக்குள் போகும். அணைத்த பிறகு ஆயில் அழுத்தம் உடனே விழுந்துவிடும், சூடான கூலன்டில் அழுத்தம் மிச்சம் இருக்கும். அப்போது கூலன்ட் ஆயிலுக்குள் வரலாம். பேரிங்கைத் தின்பது இதுதான். இந்த அறிகுறி இருந்தால் வீட்டு வேலையாக எடுக்காதீர்கள், கூலர் கோரையே மாற்ற வேண்டியிருக்கலாம்.

4. காகிதங்களும் உதிரிபாகமும்

ஸ்பேனர் எடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: ஆர்.சி., வாரண்டி புத்தகம், இன்சூரன்ஸ் பாலிசி, முந்தைய சர்வீஸ் பில்கள்.

ஆர்.சி. எதற்கு? சேசிஸ் எண்ணுக்காக. ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் ஹவுசிங் மாறியிருக்கும். கடையில் "ஸ்விஃப்ட் டீசல் ஃபில்டர் பேக்கிங்" என்று கேட்டால் கைக்கு வந்ததைக் கொடுப்பார்கள். சேசிஸ் எண்ணைச் சொல்லி பார்ட் நம்பர் வாங்கி, அதை வைத்துக் கேளுங்கள்.

வாரண்டி இன்னும் ஓடுகிறதென்றால் நீங்களே பிரிக்காதீர்கள். நீட்டிப்பு வாரண்டியில் கேஸ்கெட், ஆயில் சீல் சேருமா என்பது ஒவ்வொன்றிலும் வேறு. விலக்குப் பட்டியலை வரி விடாமல் படியுங்கள்.

இன்சூரன்ஸை இதற்கு நம்ப வேண்டாம். தேய்மானமும் மெக்கானிக்கல் பழுதும் சாதாரண பாலிசியில் வராது. எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்த்திருந்தாலும், பொதுவாக வண்டியின் அடியில் ஏதோ இடித்து ஆயில் கொட்டி எஞ்சின் கெட்டால்தான் பேச முடியும். ரப்பர் வயதாகிக் கசிந்ததற்குப் பணம் வராது. இடி பட்டுக் கசிந்திருந்தால் வண்டியை நகர்த்தாமல் படம் எடுத்து, டோ செய்து கொண்டு போங்கள். கசிவு தெரிந்தும் ஓட்டினீர்கள் என்றால் அதையே காரணம் காட்டி கிளெய்மை மறுப்பார்கள்.

செலவு ஊருக்கும் வண்டிக்கும் தக்க மாறும். நான் விசாரித்த வரை சின்னக் கார் ஃபில்டர் 100 முதல் 300 ரூபாய், டீசல் எலிமென்ட் 300 முதல் 700. ஓ-ரிங், கேஸ்கெட் எல்லாம் சேர்த்து 100 முதல் 800. கூலரோடு முழு ஹவுசிங் என்றால் ஆயிரக்கணக்கில் போகும். இதற்கு மேல் ஆயில் விலை. சின்னப் பெட்ரோல் கார்களுக்கு 3 லிட்டரைச் சுற்றி வேண்டும், பெரிய டீசல்களுக்கு அதில் இரண்டு மடங்குக்கும் மேல். உதிரிபாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். யாராவது பழைய 28 சதவீதத்தில் பில் போட்டால் கேளுங்கள்.

சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைப் பக்கம் எதுவும் கிடைக்கும், டூப்ளிகேட் உட்பட. ரப்பர் விஷயத்தில் நான் ஒரிஜினல் கட்சி. ஹார்டுவேர் கடையில் பழைய வளையத்தைக் காட்டி "இந்த சைஸ்" என்று வாங்காதீர்கள். சுற்றளவு ஒத்துப்போகும், தடிமன் அரை மில்லிமீட்டர் குறையும், அது போதும் கசிய. சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரிக்கு மேல் நாள்பட்டால் இறுகிவிடும். வைட்டான் வகை 200 டிகிரி வரை தாங்கும்.

5. டப்பா ஃபில்டர் என்றால்

எஞ்சின் இளஞ்சூடாக இருக்கட்டும், கொதிக்க வேண்டாம். வண்டியைத் தூக்கினால் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் கட்டாயம், பின் சக்கரத்துக்குக் கல்லும் கட்டாயம்.

ஆயிலை வடித்துவிட்டு ஃபில்டரைக் கழற்றுங்கள். கையால் வரவில்லை என்றால் செயின் ரெஞ்ச். ஸ்குரூ டிரைவரைக் குத்தித் திருப்பும் வித்தை வேண்டாம், தகரம் கிழிந்து அடிப்பாகம் மட்டும் எஞ்சினில் ஒட்டிக்கொள்ளும்.

கழற்றியதும் ஃபில்டரின் அடியைப் பாருங்கள். ரப்பர் வளையம் அதிலேயே இருக்கிறதா? இல்லையென்றால் அது எஞ்சின் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கறுப்பு ரப்பர் கறுப்பு ஆயிலில் நனைந்து இரும்போடு இரும்பாகத் தெரியும், கண்ணுக்குப் பிடிபடாது. விரல் நகத்தால் சுற்றிலும் வருடிப் பாருங்கள், மெத்தென்று தட்டுப்படும். அதை எடுக்காமல் புது ஃபில்டரைத் திருகினால் ரப்பர் மேல் ரப்பர். ஐடிலில் தாங்குவதுபோல் இருந்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் பிதுங்கி ஆயில் முழுதும் ரோட்டில். சர்வீஸ் முடிந்த அன்றே பெரிய கசிவு வந்தால் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

ஃபில்டரோடு நடுவிலிருக்கும் மரைக்குழாயும் கழன்று வந்துவிட்டதா என்றும் பாருங்கள். வந்திருந்தால் மரையைச் சுத்தம் செய்து, திரெட் லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) போட்டு, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கித் திரும்ப மாட்டுங்கள்.

உட்காரும் பரப்பைப் பஞ்சு விடாத துணியால் துடைத்து, புது ரப்பரில் புது ஆயிலை விரலால் தடவி, கையாலேயே திருகுங்கள். ரப்பர் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று. ஃபில்டர் டப்பாவிலேயே அந்த அளவு போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். கசிகிறதே என்று செயின் ரெஞ்ச் போட்டு இறுக்கினால் ரப்பர் நசுங்கி இன்னும் கசியும்.

6. அடாப்டர் அல்லது ஹவுசிங் என்றால்

அரை நாள் ஒதுக்குங்கள், முதல் முறை என்றால் முழு நாள். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குத் தொடங்கும் வேலை இல்லை இது. கடையும் மூடியிருக்கும்.

பிரிக்கும் முன் போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். ஹவுசிங் போல்ட்கள் நீளத்தில் வேறுபடும். ஓர் அட்டையில் ஹவுசிங்கின் வடிவத்தை வரைந்து, கழற்றும் போல்ட்டை அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டையின் துளையில் விட்டு இறுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும்.

கூலர் இருந்தால் கூலன்டையும் வடிக்க வேண்டும். ஆறிய எஞ்சினில் மட்டும். பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் மூடுங்கள். பெல்ட் ஏற்கெனவே ஆயிலில் ஊறியிருந்தால் மாற்றிவிடுங்கள், துடைத்து வைத்தாலும் வழுக்கும்.

ஹவுசிங் வெளியே வந்ததும் பழைய ரப்பரை எடுத்துப் பாருங்கள். புதிதாக இருந்தபோது உருண்டையாக இருந்த ரப்பர் சூட்டில் சப்பையாகி, ஒரு பக்கம் தட்டையாக நிற்கும். வளைத்தால் பிஸ்கட் மாதிரி உடையும். கசிவுக்கு வேறு சாட்சி தேவையில்லை. ரப்பர் மெத்தென்று, நெகிழ்வாகவே இருந்தால் நிதானியுங்கள். ஹவுசிங்கில் விரிசல் இருக்கலாம், பரப்பு வளைந்திருக்கலாம். நேர்ப்பட்டையை வைத்து வெளிச்சத்தில் இடுக்கு தெரிகிறதா என்று பாருங்கள்.

சுத்தம் செய்வதுதான் இங்கே பாதி வேலை. ஆயில் துளைகளில் சுத்தமான துணியைச் சொருகிவிட்டு, பழைய ஏடிஎம் கார்டு போன்ற பிளாஸ்டிக்கால் பரப்பைச் சுரண்டுங்கள். எமரி தாள் வேண்டவே வேண்டாம். அந்தத் துகள் ஆயில் துளைக்குள் போனால் நேரே பேரிங்குக்குத்தான். அலுமினியத்தில் இரும்பு ஸ்கிரேப்பர் ஒரு கீறல் போட்டாலும் புது ரப்பர் அந்தக் கீறல் வழியே கசியும். கடைசியில் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, சொருகிய துணிகளை எண்ணி எடுங்கள். ஒன்று உள்ளே தங்கினால் எஞ்சின் பட்டினி.

"கொஞ்சம் அனபாண்ட் போட்டுவிடலாமா?" என்று கேட்பார்கள். அந்தப் பெயரில் எல்லோரும் கேட்டு வாங்கும் சிலிகான் பேஸ்டைத்தான் சொல்கிறார்கள். அது வேலை செய்யும் இடங்கள் உண்டு, சம்ப் சிலவற்றில் கம்பெனியே அப்படித்தான் ஒட்டுகிறது. ரப்பர் கேஸ்கெட்டும் ஓ-ரிங்கும் இருக்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை. இறுக்கும்போது பிதுங்கி உள்பக்கம் போனது ஒரு நாள் பிய்ந்து ஆயில் பாதையை அடைக்கும். மேனுவல் சொல்லாத இடத்தில் பேஸ்ட் போட விடாதீர்கள்.

ஓ-ரிங்கைப் பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்கார வைத்து, எல்லா போல்ட்டையும் முதலில் கையால் திருகி, பிறகு குறுக்கும் மறுக்குமாக டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். அளவு மேனுவலில் இருக்கும். பிளாஸ்டிக் மூடிகளில் பெரும்பாலும் மூடியிலேயே அச்சிட்டிருப்பார்கள், 25 நியூட்டன் மீட்டர் என்பது அடிக்கடி பார்க்கும் எண். பிளாஸ்டிக் மூடியை மூச்சுப் பிடித்து இறுக்கினால் அடுத்த சர்வீஸில் வெடித்துத்தான் வரும்.

7. ஆயில் ஊற்றி, பார்த்து, மறுபடி பாருங்கள்

ட்ரெயின் போல்ட் (ஆயில் வடிக்கக் கழற்றும் போல்ட்) வாஷர் புதிதாக இருக்கட்டும். சொன்ன அளவைவிட அரை லிட்டர் குறைத்து ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். பத்து நொடி தாண்டியும் எரிந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுக் காரணம் தேடுங்கள். விளக்கு அணையும் வரை, குறிப்பாக டர்போ வண்டியில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள்.

இரண்டு, மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள். கூலன்ட் வடித்திருந்தால் காற்று எடுக்கும் முறை வண்டிக்கு வண்டி வேறு. மேனுவல் பார்த்துச் செய்யுங்கள், அன்று முழுதும் டெம்பரேச்சர் முள்ளில் கண் இருக்கட்டும்.

அப்புறம் பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து பாருங்கள், மறுநாள் காலை தரையில் அட்டை விரித்துப் பாருங்கள். பழைய ஆயில் மடிப்புகளில் தங்கியிருந்து ஓரிரு நாள் சொட்டலாம். அதைப் பார்த்துப் பதறி மறுபடி இறுக்க வேண்டாம். துடைத்துப் பவுடர் போட்டால் புதிதா பழையதா என்று தெரிந்துவிடும்.

8. ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பவர்களுக்கு

"ஆயில் லீக், பார்த்துச் செய்யுங்க அண்ணே" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பவுடர் சோதனையில் எடுத்த படத்தைக் காட்டுங்கள். ஜாப் கார்டில் "ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் மாற்றுதல், மாற்றிய பாகத்தைத் திருப்பித் தருதல்" என்று எழுதச் சொல்லுங்கள். எஸ்டிமேட் எழுத்தில் வாங்குங்கள், அதற்கு மேல் போனால் போன் செய்து கேட்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பழைய ரப்பர் கைக்கு வந்தால்தான் மாற்றினார்களா, பேஸ்ட் போட்டு மூடினார்களா என்பது தெரியும். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

கூலி, வெளி ஒர்க்‌ஷாப்பில் டப்பா ஃபில்டருக்கு 200 முதல் 500 ரூபாய், ஹவுசிங்குக்கு 1000 முதல் 3500 வரை கேட்டிருக்கிறார்கள். கம்பெனி சர்வீஸில் கூடும். பாகம் கையிருப்பில் இல்லையென்றால் ஒரு வாரம் வரை ஆகலாம், அதனால் பாகம் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகே வண்டியை விடுங்கள். பிரித்துப் போட்ட வண்டி ஷெட்டில் கிடந்தால் தூசி எல்லாம் திறந்த ஆயில் துளைக்குள்தான் போகும்.

9. வடித்த ஆயில்

சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். பயன்படுத்திய ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. பழைய ஆயில் கேனிலேயே திருப்பி ஊற்றி, ஃபில்டரைத் தலைகீழாக ஒரு ராத்திரி வடியவிட்டு, இரண்டையும் மறுசுழற்சிக்கு ஆயில் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடுங்கள். கூலன்டை அதோடு கலக்காதீர்கள், கலந்தால் வாங்க மாட்டார்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும். தரையில் சிந்தியிருந்தால் உடனே மணல் போட்டு எடுத்துவிடுங்கள்.